மூன்றாவது மஞ்சள் அட்டை

எங்கள் காற்பந்துக் குழு வட்டார லீக்கின் மேல் பிரிவுக்கு ஏறிய அன்றிரவு, தோட்டத்துப் பொது மண்டபத்தில் எல்லாரும் ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், பொருளாளர் என்னை வெளியே அழைத்து, காலுறை வாங்கிய ரசீதின் பின்புறத்தில் பென்சிலால் கூட்டிய ஒரு தொகையைக் காட்டினார். 107,900 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். முடிந்துபோன பருவம் முழுவதற்கும் நாங்கள் செலவழித்திருந்தது 22,000 வெள்ளிக்குள்தான். "ஏறிட்டோம் கிராணி, எப்படி நிக்கப் போறோம்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். அங்கே பையன்கள் பயிற்றுநரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டே இறங்கினோம். பணம் இல்லாததால் இறங்கினோம் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் கையெழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. நம்மவர்கள் நடத்தும் சிறிய குழுக்கள் பல இப்போது லீக்குகளில் பதிந்துகொள்ள முன்வருவதைப் பார்க்கிறேன். திடலில் எப்படி ஆடுவது என்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேசையில் நாங்கள் எப்படித் தோற்றோம் என்பதைச் சொன்னால் யாருக்காவது பயன்படலாம்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பராகவும் இப்போது செம்பனையாகவும் இருக்கும் தோட்டம் ஒன்றின் பெயரைத்தான் எங்கள் குழு தாங்கி நிற்கிறது. கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவில், தொழிலாளர்களின் பழைய வரிசை வீடுகளான லயங்களுக்கு எதிரே, தோட்ட நிர்வாகம் அந்தக் காலத்தில் விட்டுவைத்த திடல் அது. லயங்களில் இருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிபோய்விட்டன. இன்று தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் தமிழர்கள் மிகக் குறைவு. ஆனாலும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிள்கள் அந்தத் திடலுக்குத்தான் வரும். நான் செம்பனை ஆலையின் எடைமேடையில் எழுத்தராக, ஊர்ப் பேச்சில் கிராணியாக, இருக்கிறேன். லாரி ஏறும்போது ஓர் எடை, பழத்தைக் கொட்டிவிட்டு இறங்கும்போது ஓர் எடை, இரண்டையும் கழித்துச் சீட்டு எழுதுவது என் வேலை. எண்ணில் பிழை விடாதவன் என்ற நம்பிக்கையில்தான் பதினொரு ஆண்டுகளுக்கு முன் என்னைச் செயலாளராக்கினார்கள்.

லீக் நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரத்தில் இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 10 குழுக்கள். ஒவ்வொரு குழுவும் மற்ற ஒன்பதோடும் சொந்தத் திடலில் ஒரு முறை, அவர்களுடைய திடலில் ஒரு முறை ஆடும். ஆக மொத்தம் 18 ஆட்டங்கள். கீழ்ப் பிரிவில் முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் ஏறுவார்கள், மேல் பிரிவில் கடைசி இரண்டு இடங்களில் முடிப்பவர்கள் இறங்குவார்கள். கீழ்ப் பிரிவு முழுக்க முழுக்கப் பொழுதுபோக்கு. மேல் பிரிவு செமி-புரோ, அதாவது பாதித் தொழில்முறை: ஆட்டக்காரர்களுக்கு மாதப் படி உண்டு, ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் குடும்பம் நடத்த முடியாது. இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் நிர்வாகிக்கு மிகப் பெரிய சோதனை. கூலி வாங்காதவனிடம் உரிமையோடு வேலை வாங்கலாம், முழுச் சம்பளம் வாங்குபவனிடம் ஒப்பந்தத்தைக் காட்டி வேலை வாங்கலாம். முந்நூறு வெள்ளி வாங்குபவனிடம் எதைக் காட்டுவது?

நாட்டளவிலும் இந்த ஏற்ற இறக்கம் ஒரே சீராக இருந்ததில்லை. 1989-இல் இரண்டு பிரிவுகளோடு செமி-புரோ லீக் தொடங்கியது. 1994-இல் அது முழுத் தொழில்முறையாகி ஒரே பிரிவானது. 1998-இல் மீண்டும் இரண்டாகப் பிரிந்து, 2004-இல் சூப்பர் லீக் வந்தது. பேராக் மாநிலக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற குழு, 2021-இல் சூப்பர் லீக்கிலிருந்து கீழே விழுந்தது. 2023-இல் இரண்டாம் பிரிவான பிரிமியர் லீக்கையே நிறுத்திவிட்டதால் திரும்பவும் சூப்பர் லீக்கில் ஆடியது. எங்கள் திடலோரம் நாற்காலி போட்டு உட்காரும் பெரியவர்கள் அன்றைக்கெல்லாம் இதைச் சொல்லித்தான் சிரித்தார்கள். இன்னொரு பக்கம், மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா குழு மூன்றாம் நிலையிலிருந்து படிப்படியாக ஏறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் கால் வைத்தது. 2022 பருவம் முடிந்ததும் அது லீக்கை விட்டே விலகிக்கொண்டது. ஏறுவதற்கு ஆட்டம் போதும், அங்கே இருப்பதற்கு வேறு ஏதோ வேண்டும் என்பது எங்கள் கண்ணெதிரே நடந்ததுதான். அதை எங்களோடு பொருத்திப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

பொருளாளரின் ரசீதுக்கு வருகிறேன். இருபது ஆட்டக்காரர்களுக்குச் சராசரியாக மாதம் 400 வெள்ளி வீதம் எட்டு மாதத்துக்கு 64,000. பயிற்றுநருக்கு 12,000. சொந்தத் திடலில் ஓர் ஆட்டம் நடத்த நடுவர்கள், ஆம்புலன்ஸ், வாடகை, தண்ணீர், பனிக்கட்டி எல்லாம் சேர்த்து 1,300. ஒன்பது ஆட்டங்களுக்கு 11,700. வெளியூர்ப் பயணத்துக்குப் பேருந்து 800 வீதம் 7,200. பதிவு, காப்புறுதி, சீருடைகள் 9,000. காயங்களுக்கு மருத்துவச் செலவு 4,000. இதில் எதுவும் ஆடம்பரம் இல்லை. நாங்கள் பார்க்கத் தவறியது ஒன்றைத்தான். இந்தச் செலவுகளில் முக்கால்வாசிக்கு மேல் மாதாமாதம் வருவது. எங்கள் வரவோ ஆண்டுக்கு இரண்டு தடவை வருவது. குடும்ப தின விருந்தில் ஒரு தொகை, தீபாவளிக்கு முன் நன்கொடைச் சீட்டில் ஒரு தொகை. வங்கியில் ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தாலும் ஏப்ரல் மாதம் படி கொடுக்கப் பணம் இருக்காது.

பட்டணத்து வியாபாரி ஒருவர் 30,000 வெள்ளி தருவதாக மேடையில் ஏறி அறிவித்தார். மாலை போட்டோம், படம் எடுத்தோம், அவருடைய கடைப் பெயரைச் சீருடையின் நெஞ்சில் அச்சடித்தோம். கையில் வந்தது 8,000. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவருடைய வியாபாரமும் அந்த ஆண்டு படுத்துவிட்டது. குறை எங்களுடையது. வராத 22,000 வெள்ளியைக் கணக்கில் வரவாக எழுதிக்கொண்டு அதை நம்பி ஈப்போவிலிருந்து நான்கு ஆட்டக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தோம். இப்போது எங்கள் வழக்கம் வேறு. முதல் தவணை வங்கிக்கு வந்த பிறகுதான் சீருடையில் பெயர். இரண்டாம் தவணையின் தேதி எழுத்தில் இருக்க வேண்டும். அறிவிப்பு மேடையில் அல்ல, வங்கிச் சீட்டு வந்த அன்று கூட்டக் குறிப்பில். கேட்பவருக்குக் கொஞ்சம் முகம் சுளிக்கும். சுளித்தவர்கள் பின்னால் பணமும் தரவில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

அந்த நான்கு பேர் வந்தது நல்லதுதான், ஆட்டம் தெரிந்தவர்கள். ஆனால் அவர்களுக்கு மாதம் 600 வெள்ளியும் பெட்ரோல் காசும், எங்கள் பையன்களுக்கு 250 முதல் 350 வரை என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. அதை யாருக்கும் சொல்லாமல் உறையில் போட்டுக் கொடுப்பது என்றும் முடிவு செய்தோம். உறையில் போட்ட காசு ஒரு வாரம்கூட இரகசியமாக இருக்காது என்பது நாற்பது வயதைத் தாண்டிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் மாதம் பயிற்சி முடிந்து எல்லாரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, எட்டு ஆண்டுகளாக எங்களோடு ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர், பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்து நெடுஞ்சாலையில் நேராக வந்தவர், தன் உறையைப் பிரிக்காமலே என் மடியில் வைத்தார். "வச்சிக்குங்க அண்ணே. நான் காசுக்கு வரல. ஆனா அவனுக்கு அறுநூறுன்னா, நான் இத்தன வருசம் என்னா?" அந்த உறை ஈரமாக இருந்தது, அவருடைய கையின் வியர்வை. அதைத் திருப்பி அவர் கையில் கொடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அவர் கேட்டதற்கு நியாயமான பதில் ஒன்று இருந்திருக்கலாம். சந்தை விலை என்று ஒன்று உண்டு, ஏற்கனவே மேல் பிரிவில் ஆடியவர் அதைக் கேட்பார், நாங்கள் கொடுக்க ஒப்புக்கொண்டோம். அதை எல்லாரும் கூடியிருக்கும்போது முதல் நாளே சொல்லியிருந்தால் சண்டை அன்றோடு முடிந்திருக்கும். இன்று எங்களுடைய முறை இது: மாதப் படி என்பதே கிடையாது. பயிற்சிக்கு வந்தால் இவ்வளவு, ஆட்டப் பட்டியலில் பெயர் இருந்தால் இவ்வளவு, வெற்றி பெற்றால் இவ்வளவு என்று மூன்றே வரி. எல்லாருக்கும் ஒரே வரி. வெளியூரிலிருந்து வருபவருக்குத் தூரத்துக்கு ஏற்பப் பயணப்படி. இந்தத் தாளை மண்டபத்துக் கதவில் ஒட்டியிருக்கிறோம். இதனால் ஒன்றிரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் வராமல் போனது உண்மை. வந்தவர்கள் நிற்கிறார்கள்.

திடலின் கதை இன்னொன்று. கீழ்ப் பிரிவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கம்பத்தில் வலை கட்டி, மேய்கிற மாடுகளை விரட்டிவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். மேல் பிரிவில் ஆய்வுக்கு வந்தவர்கள் அளவு நாடாவோடு வந்தார்கள். கோல் கம்பங்கள் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் இருக்க வேண்டும். எங்களுடைய வடக்குப் பக்கக் கம்பம் மண்ணுக்குள் இறங்கி உயரத்தில் ஒரு சாண் குறைந்திருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் பக்கம் தாக்கி ஆடும்போது பந்து ஏன் கம்பத்தில் மோதிக்கொண்டே இருந்தது என்று அன்றுதான் விளங்கியது. வேலி இல்லை, உடை மாற்ற அறைகள் இல்லை என்பதால் எங்கள் சொந்த ஆட்டங்களைப் பட்டணத்துத் திடலுக்கு மாற்றினார்கள். வாடகை போகட்டும், கூட்டம் போய்விட்டது. திடலோரத்தில் நாற்காலியோடு வந்து, மலேசியத் தேசியக் குழுவின் பழைய கோல் காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தின் கைகளைப் பற்றிப் பேசாமல் ஒரு கோல் காவலரையும் ஒப்புக்கொள்ளாத பெரியவர்கள், பட்டணத்துக்கு வர வண்டி இல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஒன்பது சொந்த ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றோம். அதுவும் சட்டப்படி எழுதினால் இரண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். ஏறும் எண்ணம் உள்ள குழுக்கள், ஏறுவதற்கு முந்திய பருவத்திலேயே மேல் பிரிவின் திடல் விதிகளை வாங்கி, ஒரு நாடாவை எடுத்து அளந்துவிட வேண்டும். கம்பத்தை நிமிர்த்த எங்களுக்கு ஆன செலவு 340 வெள்ளி. அதை முந்தைய ஆண்டில் செய்து, உடை மாற்றக் கூடாரமும் வேலியும் போட்டிருந்தால் எங்கள் மண்ணிலேயே ஆடியிருப்போம்.

ஆட்ட அட்டவணை வந்தபோதும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. முதல் ஆட்டம் தைப்பூசத்துக்கு மறுநாள் விழுந்திருந்தது. எங்கள் ஆட்டக்காரர்களில் மூன்று பேர் ஈப்போவில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்தார்கள். வாரக்கணக்கில் விரதம் இருந்து, தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்த கால்கள் அவை. மறுநாள் நடுத் தற்காப்பாளர் பாதத்தின் கொப்புளத்தில் பஞ்சு வைத்துக் கட்டி, அதன் மேல் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு ஆடினார். 0–4. அட்டவணையின் வரைவு வந்த பிறகு, மாற்றம் கேட்க ஏழு நாள் அவகாசம் இருந்தது. நாங்கள் கேட்கவே இல்லை. மலாய் ஆட்டக்காரர்கள் அதிகம் உள்ள ஒரு குழு, நோன்பு மாதத்து ஆட்டங்களை இரவுக்கு மாற்றக் கோரி முதல் நாளே கடிதம் கொடுத்து, காரியத்தை முடித்துக்கொண்டது. பண்டிகை நாட்களைக் குறித்த ஒரு பக்கக் கடிதத்தை இப்போது நாங்கள் நவம்பரிலேயே கொடுத்துவிடுகிறோம், மறுக்கப்பட்டதில்லை.

பதிவைப் பற்றியும் ஒரு சொல். விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் 1997-இன் கீழ் குழு விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டக் குறிப்பும் கணக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும். ஆட்டக்காரர் பதிவுக்கு அடையாள அட்டை வேண்டும். எங்கள் இளையோர் குழுவில் வலது ஓரத்தில் ஓடும் பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்குப் பெற்றோரின் திருமணம் பதிவாகாத சிக்கலால் அடையாள அட்டை இல்லை. பதிவுக்கான கடைசித் தேதிக்குப் பத்து நாளுக்கு முன்தான் இதை அறிந்தோம். பத்து நாளில் தீர்கிற காரியமா அது? இளையோர் குழுவில் ஒரு பிள்ளை சேரும் அன்றே பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட வேண்டும். காற்பந்துக்காக மட்டும் சொல்லவில்லை.

இனி மஞ்சள் அட்டை.

மேல் பிரிவில், நடுவர் எச்சரிக்கையாகக் காட்டும் மஞ்சள் அட்டை ஓர் ஆட்டக்காரருக்கு மூன்று சேர்ந்தால் ஓர் ஆட்டத் தடை. கீழ்ப் பிரிவிலும் அதே விதிதான். ஆனால் அங்கே தடை விழுந்தவர்களின் பட்டியலை லீக் செயலகமே வியாழக்கிழமை அனுப்பிவிடும். மேல் பிரிவின் விதிப் புத்தகத்தில், அட்டைகளைக் கணக்கிட்டுக் கொள்வது குழுவின் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. நான் அந்த வரியைப் படித்திருந்தேன். அடிக்கோடுகூட இட்டிருந்தேன்.

பருவத்தின் கடைசிப் பகுதி. செம்பனையில் பழம் மிகுந்து வரும் மாதங்கள் அவை. லாரிகள் ஆலை வாசலைத் தாண்டி பெரிய சாலை வரை வரிசையில் நிற்கும். நான் இரவு பத்து மணி வரை எடைமேடையில் இருப்பேன். எங்கள் முன்னணி ஆட்டக்காரர் தாப்பாவில் நடந்த வெளியூர் ஆட்டத்தில் மூன்றாவது மஞ்சள் அட்டை வாங்கினார். ஆக, அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடக் கூடாது. அடுத்த சனிக்கிழமை அவரை உட்கார வைத்தேன், ஆட்டக்காரர் பட்டியலைக் கொடுத்தேன், குழுக்கள் உடை மாற்றிக்கொண்டன. நான்கரை மணிக்கு மழை இறங்கியது. திடலில் குளம் கட்டியது, இடி விட்டபாடில்லை. நடுவர் குடையோடு நடுவட்டத்துக்குப் போய்ப் பந்தைக் கீழே போட்டார். அது போட்ட இடத்திலேயே நின்றது. ஆட்டம் தொடங்கவே இல்லை, ஒத்திவைத்தார்கள்.

அன்றிரவு நோட்டில் அவர் பெயருக்கு நேரே 'தடை முடிந்தது' என்று எழுதினேன். அவர் வந்தார், உட்கார்ந்தார், பட்டியலில் இல்லை. தடையை அனுபவித்துவிட்டார் என்பது என் கணக்கு. நடக்காத ஆட்டத்தில் தடை கழியாது என்பது எடைமேடையில் உட்காருபவனுக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை. பழத்தைக் கொட்டாமல் திரும்பிய லாரிக்கு நான் சீட்டு எழுதுவேனா?

அதற்கடுத்த வாரம், எங்களோடு இறக்கத்தைத் தவிர்க்கப் போராடிக்கொண்டிருந்த குழுவோடு சொந்த ஆட்டம். 2–1 என்று வென்றோம். இரண்டாவது கோலை அடித்தவர் அதே முன்னணி ஆட்டக்காரர். ஆட்டம் முடிந்து எதிரணிச் செயலாளர் என்னிடம் வந்து கைகொடுத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், மரியாதையான மனிதர். தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "தம்பி, உங்க பத்தாம் நம்பர் இன்னைக்கு ஆடியிருக்கக் கூடாது. எனக்கு வேற வழி இல்ல, மனு கொடுக்கப் போறேன்" என்றார். அந்த நோட்டில் பத்துக் குழுக்களின் அட்டைகளும் இருந்தன. பத்துக் குழுக்கள். நான் ஒரு குழுவின் அட்டைகளை எழுதிவைக்கத் தெரியாமல் நின்றேன்.

விசாரணை பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. ஆட்டம் 0–3 என்று எங்களுக்குத் தோல்வியாக எழுதப்பட்டது, அபராதமும் விழுந்தது. பருவத்தின் முடிவில் நாங்கள் 17 புள்ளிகளோடு ஒன்பதாவது இடம், அவர்கள் 19 புள்ளிகளோடு எட்டாவது இடம். அந்த ஒரு பட்டியலை நான் சரியாக எழுதியிருந்து, அதே 2–1 வந்திருந்தால், எங்களுக்கு 20, அவர்களுக்கு 16. முன்னணி ஆட்டக்காரர் இல்லாமல் வென்றிருப்போமா என்று கேட்டால், அதற்கு விடை இல்லை. சமநிலை கண்டிருந்தாலும் 18-க்கு 17 என்று நாங்கள்தான் தப்பியிருப்போம். இந்தக் கழித்தல் கூட்டலை எத்தனை இரவு போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

செயலாளர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று ஆண்டுக் கூட்டத்தில் சொன்னேன். யாரும் ஏற்கவில்லை, பெருந்தன்மையால் அல்ல, அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லாததால். ஆனால் வேலையை மாற்றினோம். இப்போது ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தேதி, எதிரணி, அட்டை, அந்த ஆட்டம் முழுமையாக நடந்ததா, தடை எந்த ஆட்டத்தில் கழிந்தது என்று ஐந்து கட்டங்கள். ஆட்டம் முடிந்ததும் நடுவரின் அறிக்கையைக் கைபேசியில் படமெடுத்து வைக்கிறோம். வியாழக்கிழமை இரவு நானும், தமிழ்ப்பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியையும் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அவருக்குக் காற்பந்தில் ஆர்வம் கிடையாது. அதனால்தான் அவரைக் கேட்டேன். நமக்கு வேண்டிய ஆட்டக்காரர் ஆட வேண்டும் என்ற ஆசை இல்லாத கண் ஒன்று அந்த நோட்டின் மேல் பட வேண்டும். சந்தேகம் வந்தால் செயலகத்துக்கு எழுத்தில் கேட்டு, பதிலை நோட்டிலேயே ஒட்டிவிடுகிறோம். பெரிய குழுக்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கலாம்.

இறங்கிய பிறகுதான் இன்னொரு பாடம் வந்தது. இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கிலிருந்து விழும் குழுக்களுக்குச் சில ஆண்டுகள் உதவித் தொகை வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வருவது கடன்காரர்கள் மட்டுமே. நாங்கள் கொடுத்த ஒப்பந்தங்களில், குழு இறங்கினால் படி என்னவாகும் என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு பேருக்கு அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தோம். அந்தத் தொகையைத் தீர்க்க ஒன்பது மாதம் ஆனது. அதற்குள் வெளியூரிலிருந்து வந்த நால்வரும், எங்கள் பையன்களில் இருவரும் போய்விட்டார்கள். உறையை என் மடியில் வைத்த தற்காப்பு ஆட்டக்காரர் போகவில்லை. அவர்தான் இப்போது குழுத் தலைவர். கடனைத் தீர்க்க அவரே வீடு வீடாகப் போய் நன்கொடைச் சீட்டு விற்றார். அவரிடம் நான் இன்னும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லவில்லை.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதினோம். முதல் இரண்டு இடங்களில் முடித்தாலும், நவம்பர் 30-ஆம் தேதிக்குள் வங்கியில் ஆறு மாதச் செலவு இருந்தால் மட்டுமே ஏற்றத்தை ஏற்பது. இல்லையென்றால் லீக்குக்குக் கடிதம் கொடுத்து, அந்த இடத்தை அடுத்த குழுவுக்கு விட்டுவிடுவது. இதற்கு எதிராக ஏழு பேர் வாக்களித்தார்கள், எல்லாரும் ஆட்டக்காரர்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயதில் ஒருவன் திடலில் உழைத்து வென்றதை, ஐம்பதை நெருங்கும் நான்கு பேர் வங்கிப் புத்தகத்தைப் பார்த்து வேண்டாம் என்பது எளிதில் விழுங்கக்கூடிய காரியமல்ல. ஆயினும் தீர்மானம் நிறைவேறியது. மேல் பிரிவின் திடல் விதிகளின் நகல் ஒன்றும் கூட்டக் குறிப்போடு இணைக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பருவத்தில் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கையில் மூன்றாவது இடத்தில் இருக்கிறோம், இரண்டாவது இடத்துக்கு ஒரு புள்ளிதான் குறைவு. வங்கியில் நான்கு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. ஆட்டங்கள் மறுபடியும் எங்கள் திடலில்தான். வடக்குக் கம்பம் இப்போது முழு உயரத்தில் நிற்கிறது, நாற்காலிகளும் திரும்பி வந்துவிட்டன. நேற்று மாலை பயிற்சி முடிந்து மோட்டாரை உதைக்கப் போன முன்னணி ஆட்டக்காரர், அன்றைக்கு 2–1 அடித்த அதே ஆள், பாதியில் நின்று, "அண்ணே, சனிக்கிழமை நான் ஆடலாமா?" என்று கேட்டார். நோட்டைப் பிரித்தேன். இரண்டு மஞ்சள், ஆட்டங்கள் முழுமையாக நடந்தவை, தடை இல்லை, ஆசிரியையின் கையொப்பமும் இருந்தது. ஆடலாம் என்றேன்.